ஊர்ப்பேச்சில் ஒருவன், நகரத்தில் இன்னொருவன்: மகள் கேட்டது

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மனத்தில் கிடந்து உறுத்துவதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

என் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 1999-இல் வேலைக்காகச் சென்னை வந்தேன். வந்த முதல் வருடத்திலேயே பேச்சு மாறிவிட்டது. மாற்றிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறைத் தோழர்களிடம் "பைய வாருங்கள்" என்றால், எந்தப் பையை என்று கேட்பார்கள். "குறுக்கு வலிக்கிறது" என்றால் விழிப்பார்கள். இரண்டு தடவை விளக்கம் சொன்னேன். மூன்றாம் தடவை "மெதுவாக" என்றும் "இடுப்பு" என்றும் சொல்லிவிட்டேன். அப்படியே ஒவ்வொரு சொல்லாகக் கழன்றது. சாரம் கைலி ஆயிற்று, வாரியல் துடைப்பம் ஆயிற்று, சொளவு முறம் ஆயிற்று. அலுவலகத்தில் இருபது வருடம் பழகியவர்கள்கூட, "நீங்கள் திருநெல்வேலியா? தெரியவே இல்லையே" என்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். நானும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இரவு எட்டரை மணி என்று ஒன்று இருந்தது. அம்மாவோடு தொலைபேசியில் பேசும் நேரம். அவள் குரல் கேட்டதும் நாக்கு தானாக ஊருக்குப் போய்விடும். குரல் ஏறும், சிரிப்பு மாறும். கடன், வேலையில் பட்ட அவமானம், உடம்பைப் பற்றிய பயம், எல்லாவற்றையும் அந்தப் பேச்சில்தான் என்னால் சொல்ல முடிந்தது. "ஏலே" என்று அவள் இழுக்கும் இழுப்பிலேயே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

போன ஐப்பசியில் அம்மா போய்விட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை மட்டும் பேசுகிறாள். போன மாதம் அவளோடு பேசி முடித்து நிமிர்ந்தால், எதிரே சாப்பாட்டு மேசையில் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "அப்பா, அத்தையிடம் பேசும்போது நீங்கள் வேறு ஒரு ஆளாக இருக்கிறீர்கள். அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்றாள்.

குற்றம் சாட்டவில்லை, பார்த்ததைச் சொன்னாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மனைவி வேலூர்க்காரி. வீட்டில் பொதுவான பேச்சுதான். மகளிடம் ஒரு நாள்கூட என் ஊர்ப்பேச்சில் பேசியதில்லை. பதினான்கு வருடம் பெற்ற பிள்ளையிடமிருந்தே என்னை ஒளித்து வைத்துவிட்டேனா? இரண்டில் எது நான்? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

---

நொய்யல் எழுதியது:

அண்ணா, அம்மாவை இழந்த துக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். முதலில் என் அனுதாபங்கள்.

நான் திருப்பூர்ப் பக்கம். கணவர் மதுரைக்காரர். எங்கள் கல்யாணத்தின் முதல் ஆறு மாதத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பேச்சின் வாலில் ஒரு "ங்க" ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்பா அம்மாவிடம், அம்மா எங்களிடம், நாங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம்கூட. அது எங்களுக்கு மரியாதை மட்டும் அல்ல, தலையைத் தடவிக் கொடுப்பது மாதிரி. நான் அவரிடம் அப்படித்தான் பேசினேன். அவரோ, "என்ன, சாப்பிடவில்லையா?" என்று வெடுக்கென்று கேட்பார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். என்ன தப்புச் செய்தோம், ஏன் இப்படி எரிந்து விழுகிறார் என்று சமையல்கட்டில் நின்று அழுதிருக்கிறேன்.

ஒரு நாள் அவரே கேட்டார்: "ஏன் என்னிடம் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது மாதிரியே பேசுகிறாய்? இன்னும் என்னை உன் ஆளாக நினைக்கவில்லையா?" அப்போதுதான் விளங்கியது. அவர் ஊரில் வெடுக்கென்று கேட்பதுதான் நெருக்கம், எட்டி நிற்பவர்களுக்குத்தான் "ங்க". எங்கள் ஊரில் நெருக்கமே "ங்க"வில்தான் இருக்கிறது. இருவரும் அவரவர் ஊர் வழக்கப்படி அன்பைக் காட்டினோம். இருவருக்கும் அது விலக்கமாகப் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் யாரும் யார் மேலும் கோபப்படாமலே சண்டை போட்டிருக்கிறோம்.

இப்போது அவர் என் அம்மாவிடம் பேசும்போது தன்னையறியாமல் "சரிங்க" என்கிறார். நான் மாமியார் வீட்டில் போய் வெடுக்கென்று பேசுகிறேன். இரண்டில் எது நான் என்று எனக்குக் கேள்வி வந்ததில்லை. இரண்டு கதவுள்ள வீடு மாதிரி இருக்கிறது.

---

சொல்வழி எழுதியது:

கல்லூரியில் மொழியியல் பாடம் நடத்துகிறேன். பொருநைக்கரை ஐயா கேட்ட கேள்வியை மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பதால், வகுப்பில் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. 1961-இல் வில்லியம் லபோவ் என்ற ஆய்வாளர் அங்கே போனார். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் கிட்டத்தட்ட 6,000 பேர். கோடையில் வந்து இறங்குபவர்கள் 40,000-க்கும் மேல். மீன்பிடித் தொழில் நொடித்து, வீடுகள் ஒவ்வொன்றாக வெளியூர்ப் பணக்காரர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ரைட், ஹவுஸ் போன்ற சொற்களில் வரும் ஐ, ஔ ஒலிகளைத் தீவுக்காரர்கள் தங்களுக்கே உரிய முறையில் உச்சரிப்பார்கள். காலப்போக்கில் தேய்ந்து மறைய வேண்டிய உச்சரிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். லபோவ் 69 பேரைப் பேட்டி கண்டார். முப்பது வயதைத் தாண்டியவர்களிடம், அதாவது இங்கேயே பிழைப்பது என்று தீர்மானித்த தலைமுறையிடம்தான் அது எல்லோரையும்விட மிகுந்திருந்தது. தீவை விட்டுப் போக நினைத்தவர்களிடம் குறைந்திருந்தது. கல்லூரிக்குப் போய்த் திரும்பிய ஒருவரைப் பற்றி அவருடைய தாயே, அவன் முன்பு இப்படிப் பேசியதில்லை, திரும்பி வந்த பிறகுதான் இப்படி என்று சொல்லியிருக்கிறார்.

ஆக, பேச்சு என்பது பிறந்த ஊர் நம் மேல் குத்திவிட்ட முத்திரை மட்டும் அல்ல. யாரோடு சேர்ந்து நிற்க விரும்புகிறோம் என்பதை வாய் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் நமக்கே தெரியாமல்.

இன்னொரு ஆய்வு. ஹோவர்ட் ஜைல்ஸ் வேல்ஸ்காரர். எதிரில் இருப்பவரை நமக்குப் பிடித்தால் நம் பேச்சு அவர் பக்கம் சாயும், பிடிக்காவிட்டால் வேண்டுமென்றே விலகும் என்பதை 1970-களில் ஆராய்ந்து எழுதினார். 1977-இல் வெளிவந்த ஒரு சோதனையில், வெல்ஷ் மொழி கற்றுக்கொண்டிருந்த பெரியவர்களிடம், இங்கிலாந்து மேட்டுக்குடித் தோரணையில் ஆங்கிலம் பேசிய ஒருவர், செத்துக்கொண்டிருக்கும் மொழியை எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொன்னவர்களின் ஆங்கிலத்தில் வெல்ஷ் வாடை சட்டென்று கூடியது. சிலர் நடுவே வெல்ஷ் சொற்களையே போட்டுப் பேசினார்கள்.

ஐயா, மேன்ஷனில் நீங்கள் அறைத் தோழர்கள் பக்கம் சாய்ந்தீர்கள். எட்டரை மணிக்கு அம்மா பக்கம் சாய்ந்தீர்கள். சாய்கிறவர் ஒருவர்தான்.

---

மாடக்குளம் எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். மதுரையில் பேசுவது மாதிரித்தான் இங்கும் பேசுகிறேன். "அங்கிட்டு", "இங்கிட்டு" என்றால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆளுக்கு ஒரு பேச்சு வைத்திருப்பவரை என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை. என்னிடம் பேசுவதும் எனக்காகப் போட்ட வேடம்தானோ என்று தோன்றுகிறது. எங்கள் குழுத்தலைவர் அமெரிக்கக்காரர்கள் இணைப்பில் வந்தால் ஒரு குரல், எங்களிடம் ஒரு குரல். இரண்டாவது குரலில் அவர் எதைச் சொன்னாலும் மனம் ஒட்டுவதில்லை. பொருநைக்கரை அண்ணாச்சியைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

---

வல்லைவெளி எழுதியது:

தம்பி மாடக்குளம், எங்கு போனாலும் ஒரே மாதிரிப் பேசும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தேன். 1990-இல் குடும்பமாகப் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தோம். எனக்கு ஏழு வயது. அடுத்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்குப் பிறகு, எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு வீடு தரவே ஆட்கள் பயந்தார்கள். வீடு பார்க்கப் போகும்போது அம்மா எங்களைத் தெருமுனையில் நிறுத்திச் சொல்லித் தருவார்: "ஓம்" என்று சொல்லக் கூடாது, "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். "கதைக்கிறேன்" என்று சொல்லக் கூடாது, "பேசுகிறேன்" என்று சொல்ல வேண்டும். "வடிவு" என்ற சொல் வாயில் வரவே கூடாது. நானும் தங்கையும் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் படித்த மாதிரி அதைப் படித்தோம். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எங்கள் வாய் எங்களுடையது.

பேச்சால் உயிர் போகும் என்பதை அம்மா எங்கிருந்து கற்றார் தெரியுமா? 1983 ஆடியில் கொழும்பில் கும்பல்கள் பஸ்களை மறித்து, ஆட்களிடம் "பால்திய" என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். வாளிக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த அதிரும் பகரம் பல தமிழர்களின் நாக்கில் எழும்பாது. அதை வைத்து இன்னார் தமிழர் என்று பிரித்தார்கள். என் மாமா அந்தக் கிழமை கொழும்பில் இருந்தவர். நல்ல சிங்களம் பேசுவார், தப்பி வந்தார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை வாளியை அந்தச் சொல்லால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

2006-இல் டொரொன்டோ வந்தேன். வந்த இரண்டாம் நாள் ஸ்கார்பரோவில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எனக்குப் பின்னால் இரண்டு வயதான பெண்கள், உரத்த குரலில், ஊரில் கதைப்பது மாதிரியே கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். குரலைத் தாழ்த்தவே இல்லை. நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் வாயைத் திறந்தபோது என் நாக்கில் வந்தது சென்னைப் பேச்சு. பதினாறு வருடம் கவனமாக மறைத்தது, கூப்பிட்டவுடன் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் இங்குள்ள எங்கள் ஆட்கள் என்னை, "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். அதனால் வேடம் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்துங்கள். சிலருக்கு அது தோலோடு ஒட்டிவிடுகிறது.

பொருநைக்கரை அண்ணா, உங்கள் சாரத்தையும் சொளவையும் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் அப்பாவும் சாரம்தான் கட்டினார். சொளவு எங்களிடம் சுளகு. சொதியும் நீங்கள் வைப்பீர்கள் அல்லவா?

---

பொருநைக்கரை எழுதியது:

சொதி இல்லாமல் எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்தே இல்லை, அம்மா. தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, கடைசியில் எலுமிச்சம்பழம். உங்கள் பதிவை மனைவிக்கும் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். தெருமுனையில் நின்று "ஓம்" சொல்லாதே என்று கற்றுக்கொண்ட இரண்டு பிள்ளைகள் கண்ணை விட்டுப் போக மறுக்கிறார்கள்.

---

நொய்யல் எழுதியது:

துடைப்பத்துக்கு எங்கள் பக்கம் சீமாறு. அப்பாவின் அப்பாவை அப்பாரு என்போம், அம்மாவின் அப்பாவை அப்பிச்சி என்போம். வீட்டுக்கு வரும் உறவினர் ஒரம்பரை. என் மகளுக்கு இவற்றில் பாதி தெரியாது. இலக்கணத்தில் இவற்றுக்குத் திசைச்சொல் என்று மரியாதையான பெயர் உண்டு. வகுப்பில் சொன்னால்தான் கொச்சை ஆகிவிடுகிறது.

---

கடலோரக்காரன் எழுதியது:

நீங்கள் எல்லோரும் ஊரை விட்டு வந்து சென்னையில் பேச்சை மாற்றிக்கொண்டீர்கள். நான் சென்னையிலேயே பிறந்து, சென்னையிலேயே பேச்சை மாற்றிக்கொண்டவன். காசிமேடு. எங்கள் அப்பா விசைப்படகில் போனவர்.

நெல்லைத் தமிழ் என்றால் அழகு, கோவைத் தமிழ் என்றால் மரியாதை, ஈழத் தமிழ் என்றால் இனிமை. எங்கள் தமிழை மட்டும் தமிழ் என்றே சொல்ல மாட்டார்கள். எத்தனை படத்தில் எங்கள் பேச்சு அடியாளுக்கும் சிரிப்புக்கும் மட்டும் வந்திருக்கிறது. நாஷ்டா, பேஜார் என்ற சொற்களுக்குப் பின்னால் உருதுவும் பாரசீகமும் இருக்கின்றன. துறைமுக நகரத்துக்கு நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், சொற்களும் வந்தன. அதை யார் யோசிக்கிறார்கள்?

முதல் நேர்முகத் தேர்வில், வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் எதிரில் இருந்தவரின் முகம் மாறியதைப் பார்த்தேன். கையிலிருந்த என் மதிப்பெண் பட்டியலை மூடி வைத்துவிட்டார். கேள்வியே கேட்கவில்லை. அடுத்த தேர்வுக்கு முன்னால் மூன்று மாதம் வானொலிச் செய்தியோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அதே புதுப் பேச்சில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அம்மா சந்தோஷப்பட்டார்கள். பிறகு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "எங்களிடமும் இனிமேல் இப்படித்தான் பேசுவாயா?" என்று கேட்டார்கள். முகத்தைத் திருப்பவில்லை.

மாடக்குளம் தம்பி, நீங்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிடலாம். உங்கள் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள். என் பேச்சைக் கேட்டால் பயந்தார்கள்.

---

மாடக்குளம் எழுதியது:

வல்லைவெளி அக்கா, கடலோரக்காரன் அண்ணன், இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியது என் அனுபவத்தை வைத்து மட்டும்தான். வேடம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

---

குடந்தைக்காரி எழுதியது:

எங்கள் வீட்டில் "ஆம்" என்றால் வீடு, தண்ணீர் என்பது ஜலம். 1992-இல் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போனேன். முதல் வாரத்தில் குழாயடியில் "ஜலம் வரவில்லையா?" என்று கேட்டதும், பேசிக்கொண்டிருந்த நான்கு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஜாக்கிரதையாகப் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் டிபன் டப்பாவைத் திறக்கும்போது என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது. ஒரு சொல்லில் என் சாதி, என் சாப்பாடு, நான் அவர்களைப் பற்றி என்ன நினைப்பேன் என்பது வரை அவர்களாகத் தீர்மானித்துவிட்டார்கள்.

நான் அந்தச் சொல்லை விட்டேன். சொல்லைச் சுற்றியிருந்த வேலியைப் பிடுங்கிப் போட்ட மாதிரிதான் இருந்தது, இழப்பாகத் தெரியவில்லை. அந்த நால்வரில் இருவர் இன்றும் என் உயிர்த் தோழிகள். அதே சமயம், பாட்டி சாகக் கிடந்தபோது அவள் காதோரம் நான் பேசியது வீட்டுப் பேச்சில்தான். அதை வெட்கப்பட்டு மறைக்கவும் மாட்டேன், வெளியே தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன்.

---

பனங்காடு எழுதியது:

ஒரு வாரமாக இந்த இழையை வாசிக்கிறேன். எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் ஊர்ப்பேச்சை நினைத்து ஏங்குகிறீர்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் எனக்கு இல்லை. என் ஊர் விழுப்புரம் பக்கம். நாங்கள் காலனியில் இருந்தோம். என் ஊர்ப்பேச்சில் என் அப்பாவுக்கு "நீங்கள்" கிடையாது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். ஊர்த்தெருவில் பத்து வயதுப் பையன் அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்பான். அப்பா அவனுக்கு, "வரேன் சின்னையா" என்று பதில் சொல்வார். நான் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பையனுக்கும் எனக்கும் ஒரே வயது. பள்ளியில் ஒரே வகுப்பு.

1996-இல் அப்பாவுக்கு நெஞ்சு வலி. சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதுகிற பெண், இருபத்தைந்து வயது இருக்கும், நிமிர்ந்து பார்த்து, "ஐயா, நீங்கள் உட்காருங்கள்" என்றார். அப்பா உட்காரவில்லை. திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று.

அன்றைக்கு நான் முடிவு செய்தேன். என் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது இந்தப் பெண் பேசிய பேச்சு. எந்த ஊர் என்று தெரியாத பேச்சு. அதில் மண்வாசனை இல்லை என்பார்கள். எங்களுக்கு அந்த மண்ணில் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

---

மருதநிலம் எழுதியது:

பேச்சு வழக்கைப் பற்றிய நல்ல இழை இது. இதில் சாதியை இழுக்க வேண்டாமே. எல்லா ஊரிலும் அப்படி இல்லை. இப்போது காலம் மாறிவிட்டது.

---

சொல்வழி எழுதியது:

மருதநிலம் அவர்களே, பனங்காடு எதையும் இழுத்து வரவில்லை. பேச்சுக்குள் இருந்ததை எடுத்துக் காட்டினார். 1964-இலேயே வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் தமிழ், கன்னடம், துளு மூன்றிலும் சாதியை ஒட்டிப் பேச்சு எப்படிப் பிரிகிறது என்று எழுதிவிட்டார்கள். அதற்கு முன் 1960-இல் ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் ஐரோப்பிய மொழிகளில் நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இது: இரண்டு பேரும் ஒருவரையொருவர் "நீ" என்றால் அது நெருக்கம். இரண்டு பேரும் "நீங்கள்" என்றால் மரியாதை கலந்த தூரம். ஒருவர் "நீ" என்று சொல்லி, மற்றவர் திருப்பி "நீங்கள்" என்றே சொல்ல வேண்டியிருந்தால் அது அதிகாரம். பனங்காடு சொன்ன தெரு மூன்றாவது வகை. ஒரே "வா" என்ற சொல், அம்மா மகனுக்குச் சொன்னால் அமுது. அதே சொல் அந்தத் தெருவில் வேறு.

முதல் பதிலில் நான் எழுதியதில் ஒரு குறை இருந்ததை இப்போது உணர்கிறேன். யாரோடு சேர்ந்து நிற்க விரும்புகிறோமோ அவர் பக்கம் பேச்சு சாயும் என்றேன். சாய்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். பனங்காட்டின் அப்பாவுக்கும், தெருமுனையில் நின்ற வல்லைவெளிக்கும் அந்த உரிமை இருக்கவில்லை.

இன்னும் ஒன்று. இந்த இழை முழுவதும் எழுத்துத் தமிழில் நடக்கிறது. இது யாருடைய வீட்டிலும் பேசப்படாத தமிழ். அவரவர் சொல்லாமல் யார் எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குத் தெரிந்திருக்காது. தொலைபேசியில் பேசியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே ஒருவரையொருவர் எடை போட்டிருப்போம். இவ்வளவு மனம் திறந்து கேட்டிருப்போமா என்று எனக்குச் சந்தேகம்.

---

குடந்தைக்காரி எழுதியது:

பனங்காடு ஐயா, உங்கள் அப்பா திரும்பிப் பார்த்ததை வாசித்தபின் வெகுநேரம் எதுவும் ஓடவில்லை. எங்கள் பாட்டியின் பேச்சும் அப்படித்தான் இருந்தது, வாசலில் நின்றவர்களிடம். நான் மேலே எழுதியபோது குழாயடியில் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் சொன்னேன். பாட்டியின் அந்தப் பேச்சைச் சொல்லாமல் விட்டேன்.

---

பொருநைக்கரை எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனங்காடு அண்ணன் எழுதியதை வாசித்த இரவு எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். எங்கள் வீட்டுத் தென்னை மரங்களில் ஏறித் தேங்காய் பறிக்க வருபவர். நான் சிறுவனாக இருந்தபோதே அவருக்கு அறுபது வயதுக்கு மேல். மெலிந்த உடம்பு, நெஞ்செல்லாம் மரம் உரசிக் காய்த்துப்போன தோல். காலைப் பத்து மணிக்குப் பின்வாசல் வழியாக வருவார். அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "பைய ஏறு" என்பாள். அக்கறையாகத்தான் சொல்வாள், அவர் விழுந்துவிடக் கூடாது என்று. ஆனால் "ஏறுங்க" என்று சொன்னதில்லை. நான் அவளைப் பார்த்துத்தான் பேசக் கற்றேன். எட்டு வயதில் நானும் அவரைப் பெயர் சொல்லி, "அந்த இளநீரைப் போடு" என்று கத்தியிருக்கிறேன். அவர் போட்டார். "பிள்ளைக்குப் போதுமா?" என்று கேட்டார்.

நான் இழந்துவிட்டதாக இந்த இழையில் முதலில் எழுதினேனே, அந்தப் பேச்சுதான் இது. அம்மா என் பாரத்தை இறக்கிய அதே வாய்தான். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று நான்கு நாளாகப் பார்க்கிறேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை பேசியபோது அவரைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். அவர் மகன் தென்காசியில் கடை வைத்திருக்கிறாராம். "அவிய" என்றுதான் சொன்னாள். எங்கள் பேச்சில் பெரியவர்களைச் சொல்ல அந்தச் சொல் உண்டு, அவர்கள் என்பதற்குப் பதிலாக. அப்பாவை, தாத்தாவை, வாத்தியாரை அப்படித்தான் சொல்வோம். அந்தப் பேச்சில் மரியாதைக்குச் சொல் இல்லாமல் இல்லை. இருந்தது. அவருக்கு நாங்கள் கொடுக்கவில்லை. தங்கை இப்போது கொடுக்கிறாள். எப்போது மாறினாள் என்று எனக்குத் தெரியாது. நான் சென்னையில் இருந்தேன்.

இந்தத் தடவை தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன், மகள் கேட்கட்டும் என்று. அவளும் கேட்டாள். "அவிய என்றால் என்ன அப்பா?" என்றாள். சொன்னேன்.

"ஆச்சியும் அவரை அப்படித்தான் சொல்வார்களா?"

"இல்லை" என்றேன்.

"நீங்கள்?"

"நானும் இல்லை."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அத்தையிடம் அடுத்த ஞாயிறு தானே பேசப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளாக "பைய" என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். பகரத்தை அழுத்துகிறாள், ஐகாரம் நீண்டுவிடுகிறது. இன்னும் எங்கள் ஊர்ச் சொல்லாக வரவில்லை.